சிறுநீர்ப்பைக் கட்டியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும்: டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் சிறுநீரில் ரத்தம் போவதைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். வலி இல்லாமல் போனாலும், ஒரே ஒரு தடவை போனாலும் உடனே காட்டுங்கள் என்று. அதற்கு டர்பனைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களிலிருந்தும், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் எழுதியவை. நான் வருடக்கணக்காக ஸ்கேன் அறையில் உட்கார்ந்து இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை எழுதியவள், அதனால் அந்தத் தவிப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மூட்டு வலி, சர்க்கரை பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, அப்பாவுக்கு வயது 68. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரே ஒரு நாள் சிறுநீர் ரத்தச் சிவப்பாகப் போனது. வலி எதுவும் இல்லை, மறுநாள் தெளிந்துவிட்டது. கிளினிக்கில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். நான் விடாமல் கேட்டு அல்ட்ராசவுண்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல் என்று வந்திருக்கிறது. இனிமேல் எந்த டாக்டரிடமும் வர மாட்டேன் என்கிறார் அப்பா. இதோடு விட்டுவிடலாமா? (ஒரு மகள், சாட்ஸ்வர்த்)

பதில்: விடக் கூடாது, தாயே. அல்ட்ராசவுண்ட் நல்ல பரிசோதனைதான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, கல் இருக்கிறதா, சிறுநீர்ப்பைக்குள் பெரிதாக ஏதாவது துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று சொல்லிவிடும். ஆனால் அரை சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளை அது அடிக்கடி தவறவிடும், பையின் முன்சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பவற்றையும் தவறவிடும். பை சரியாக நிரம்பாத நேரத்தில் எடுத்தால் சுவர் சுருங்கி மடிந்து கிடக்கும், மடிப்பு எது கட்டி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களா, முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் எடுத்தார்களா என்று.

இதை எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் இன்னொன்று பாக்கி இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றில் தட்டையான ஒரு வகை உண்டு, கார்சினோமா இன் சைட்டூ என்பார்கள். பாறையில் பாசி படிகிற மாதிரி உள்பரப்பில் படர்ந்திருக்கும், மேடே இருக்காது. விட்டுவைத்தால் ஆழமாக இறங்கக்கூடிய வகை இது. எந்த ஸ்கேனையும் நம்பி இது இல்லை என்று சொல்ல முடியாது. மெல்லிய கேமராவைச் சிறுநீர் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கிற சிஸ்டோஸ்கோபிதான் வழி. கூடவே சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற சோதனையும் கைகொடுக்கும். ரத்தம் போய், அல்ட்ராசவுண்ட் நார்மல் என்று வந்து, கேமரா பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை நான் "பார்த்தாயிற்று" என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மறுநாள் தெளிந்துவிட்டது என்பதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. இந்தக் கட்டிகள் ஒரு நாள் கசியும், அப்புறம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். மாத்திரை சாப்பிட்ட நேரமும் ரத்தம் தானாக நின்ற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் மாத்திரைதான் குணப்படுத்தியது என்று தோன்றும். முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும் சிவப்பாகப் போகும், அது உண்மைதான், ஆனால் அதைச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் "அதனால்தான் ரத்தம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் சரியில்லை. ரத்தம் இளக்கும் மாத்திரை கசிவை வெளியே காட்டிக்கொடுத்திருக்கலாம், கசிகிற இடம் எது என்று அப்போதும் தேடியே ஆக வேண்டும்.

அப்பா சிகரெட் பிடித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நோய்க்கு முதல் காரணம் புகைதான், புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வடிந்து பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது, அதனால் நுரையீரலைத் தாண்டி இங்கேயும் கேடு செய்கிறது. சாயம், ரப்பர், பெயிண்ட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களும் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சாயத் தொழிலாளர்களுக்கு இந்தப் புற்று வருவதைக் கவனித்து எழுதினார். நம் டர்பனில் துணி ஆலைகளிலும் பெயிண்ட் தொழிற்சாலைகளிலும் எத்தனை அப்பாக்கள், மாமாக்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்?

அடுத்து என்ன செய்வது? கிளினிக்குக்குத் திரும்பப் போய், அந்தச் சிவப்புச் சிறுநீரைக் கண்ணால் பார்த்தோம் என்று அழுத்திச் சொல்லி, ஆர்.கே.கான் மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை மாதிரியான பெரிய இடத்துக்குத் தேவைப்பட்டால் அங்கிருந்து அனுப்புவார்கள், நாமாக நேரே போய் வரிசையில் நிற்க முடியாது. அங்கே கேமராவோடு சேர்த்துப் பெரும்பாலும் சி.டி. யூரோகிராம் எடுக்கச் சொல்வார்கள். அது மூன்று தடவை எடுக்கிற படம். முதலில் மருந்து இல்லாமல், கல் தெரிவதற்காக. அப்புறம் கையில் காண்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் வெள்ளையாகத் தெரிய வைக்கும் மருந்து) ஏற்றி, சிறுநீரகத்துக்காக. மூன்றாவது, ஒரு பத்து நிமிடம் போல் பொறுத்து, அந்த மருந்து சிறுநீரோடு வடிந்து குழாய்களையும் பையையும் நிரப்பிய பிறகு. நிரம்பிய வெள்ளை நிறத்தில் கட்டி இருக்கிற இடம் மட்டும் ஓட்டை விழுந்த மாதிரி கருப்பாகத் தெரியும். பையில் புற்று வருகிறவர்களில் சிலருக்கு மேலே சிறுநீரகக் குழாயிலும் அதே வகைக் கட்டி இருக்கும், கேமரா அவ்வளவு தூரம் எட்டாது, அதற்காகத்தான் இந்தப் படம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் என் சித்தி. அவருக்கு 57 வயதில் ரத்தம் போனது. மாதவிலக்கு நின்றவளுக்கு மறுபடியும் வந்திருக்கிறது என்று கர்ப்பப்பையைப் பார்த்தார்கள், அப்புறம் தொற்று என்று மூன்று தடவை மருந்து கொடுத்தார்கள், ஏழு மாதம் போனது. பையைப் பார்த்தபோது கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடக் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் கண்டுபிடிக்கும்போது முற்றிய நிலையில் இருப்பது பெண்களிடம் அதிகம், காரணம் இந்தக் குழப்பம்தான். அப்பாவைப் பற்றி எழுதிய மகளே, அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. சி.டி. ரிப்போர்ட்டில் "3.2 சென்டிமீட்டர் கட்டி, தசை ஊடுருவல் உள்ளதா என்று உறுதியாகக் கூற இயலாது" என்று எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மெஷின் வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஜ் என்று சொல்லத் தெரியவில்லையா? வேறு இடத்தில் மறுபடியும் எடுக்கலாமா? (மருமகன், ஃபீனிக்ஸ்)

பதில்: ஐயா, அந்த வரியை எழுதிய டாக்டர் நேர்மையாக எழுதியிருக்கிறார். வேறு இடத்தில் இன்னொரு சி.டி. எடுத்தாலும் இதே பதில்தான் வரும்.

சிறுநீர்ப்பைச் சுவரை நம் வீட்டுச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெயிண்ட், அதன் அடியில் சுண்ணாம்புப் பூச்சு, அப்புறம் செங்கல், வெளியே தோட்டம், தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. பெயிண்ட் மட்டும் உப்பி நின்றால் டிஏ (டி என்பது கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் குறிக்கும் எழுத்து). பூச்சுக்குள் இறங்கினால் டி1. செங்கல்தான் தசை, அதற்குள் புகுந்தால் டி2. செங்கலைத் துளைத்துத் தோட்டத்துக்கு, அதாவது பையைச் சுற்றியுள்ள கொழுப்புக்கு வந்தால் டி3. அடுத்த வீட்டுக்குள், ஆண்களுக்கு புராஸ்டேட், பெண்களுக்கு கர்ப்பப்பை, யோனி, அல்லது இடுப்புச் சுவர், போய்விட்டால் டி4. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஒட்டு வீடுகள் தெரியுமல்லவா, உடம்புக்குள்ளும் அப்படித்தான், நடுவில் அதிக இடம் கிடையாது.

சி.டி. படத்தில் இந்தப் பெயிண்ட், பூச்சு, செங்கல் மூன்றும் சேர்ந்து ஒரே சாம்பல் பட்டையாகத்தான் தெரியும். டிஏ, டி1, டி2 மூன்றையும் அதனால் பிரிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தோட்டத்தில் வந்துவிட்டதா, அடுத்த வீட்டைத் தொட்டுவிட்டதா, நெறி கட்டியிருக்கிறதா, சிறுநீரகத்தை அடைத்துவிட்டதா, ஈரலுக்குப் போயிருக்கிறதா, இவைதான் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு அது நன்றாகவே பதில் சொல்லும்.

உங்கள் கேள்விக்கு, செங்கலுக்குள் போனதா இல்லையா என்பதற்கு, பதில் தருவது கட்டியைச் சுரண்டி எடுக்கிற அறுவைதான். மயக்கம் கொடுத்து, வெளியே வெட்டுக்காயம் எதுவும் இல்லாமல், சிறுநீர் வழியாகவே போய்ச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் வந்ததும் ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: எடுத்த துண்டில் தசை இருந்ததா? தசையே வராத துண்டை வைத்துத் தசையில் புற்று இல்லை என்று சொல்ல முடியாது. டி1 என்று வந்தாலும், தசை வரவில்லை என்றாலும் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் இரண்டாவது தடவை சுரண்டிப் பார்ப்பார்கள். முதல் தடவை சரியாகச் செய்யவில்லையோ என்று அதற்குக் கோபப்படாதீர்கள், அது முறைப்படி செய்கிற வேலை.

எம்.ஆர்.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது உண்மையிலேயே பயன்படக்கூடும். அந்தப் படத்தில் தசை தனியாக ஒரு கருப்புக் கோடாகத் தெரியும். கட்டிக்கு அடியில் அந்தக் கோடு அறாமல் ஓடுகிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் தண்ணீர் மூலக்கூறுகள் நகர்வதைக் காட்டும் படம், மருந்து ஏற்றிய படம் இரண்டையும் சேர்த்து 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுவோம். வி-ராட்ஸ் என்று பெயர், 2018-ல் வந்த முறை. 1, 2 என்றால் தசைக்குள் போயிருக்க வாய்ப்பு குறைவு. 4, 5 என்றால் போயிருக்க வாய்ப்பு அதிகம். 3 என்றால் அந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. இதைச் சுரண்டுவதற்கு முன்னால் எடுத்தால்தான் மதிப்பு. அதற்காக எம்.ஆர்.ஐ. வரிசையில் மூன்று மாதம் காத்திருந்து அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம், தேதி கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் அறுவைக்குப் போங்கள்.

முதல் தடவை கண்டுபிடிக்கும்போது நாலில் மூன்று பேருக்குத் தசை தொடப்படாமல்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மாமியார் சாப்பிடாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அண்ணனுக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்துப் பத்து நாள் ஆகிறது. நேற்று எடுத்த சி.டி.யில் சுவர் தடித்திருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. இது மூன்றாவது ஸ்டேஜா? (டொங்காட்)

பதில்: பத்து நாளில் எடுத்த படத்தை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. புண் ஆறும்போது வீக்கம் வரும், அந்த வீக்கமும் புற்று வெளியே வந்திருப்பதும் சி.டி.யில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். இதனால்தான் முடிந்தவரை ஸ்கேனை அறுவைக்கு முன்னால் எடுங்கள் என்று நாங்கள் மன்றாடுகிறோம். ஏற்கெனவே சுரண்டியாயிற்று என்றால், எம்.ஆர்.ஐ.க்கும் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும், இன்னும் கொஞ்சம் விட்டாலும் நல்லதுதான். ஸ்கேன் அறைக்குப் போகும்போது அறுவை நடந்த தேதியை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதி தெரியாமல் ரிப்போர்ட் எழுதுகிறவர் வீக்கத்தைப் புற்று என்று எழுத வாய்ப்பு இருக்கிறது, நானே அப்படி ஒரு தடவை எழுதி, அறுவை மருத்துவர் போன் செய்து சொன்ன பிறகு திருத்தியிருக்கிறேன். மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் வரும்வரை அண்ணனிடம் ஸ்டேஜ் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

கேள்வி: சின்ன வயதில் ஸ்டாங்கர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், ஆற்றிலேயே கிடப்போம். அப்போது பில்ஹார்சியா வந்து மருந்து சாப்பிட்ட ஞாபகம். இப்போது 61 வயது. இடுப்பு வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்கிறார்கள். பயப்பட வேண்டுமா? (வெருலம்)

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியதற்கு நன்றி ஐயா, உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதை மறந்தே போயிருப்பார்கள்.

குவாசுலு-நடால் கரையோரத்து ஆறுகளிலும் குளங்களிலும் பில்ஹார்சியா இன்றைக்கும் இருக்கிறது. தண்ணீரில் வாழும் ஒரு நத்தைக்குள் வளர்ந்து, குளிக்கிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகிற புழு அது. இந்த வகைப் புழு சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் குடியிருந்து முட்டையிடும், முட்டைகள் பைச் சுவரில் சிக்கிக்கொள்ளும், ஆண்டுக்கணக்கில் அந்த இடம் புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகி, கடைசியில் சுண்ணாம்பு படியும். எக்ஸ்ரேயில் முட்டை ஓடு மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடாகப் பையின் வடிவம் தெரியும். தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1851-ல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தார், அந்தப் பெயர்தான் நம் ஊர் ஆற்றங்கரை வரைக்கும் வந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-ல் இதைப் புற்றை உண்டாக்கும் கிருமிகளின் முதல் வரிசையில் சேர்த்தது.

சுண்ணாம்பு படிந்திருப்பது புற்று இல்லை, பழைய தழும்பு. ஆனால் அந்தத் தழும்பு உள்ளவர்களுக்கு ஸ்குவாமஸ் என்று சொல்லப்படும் வேறு வகைப் புற்று வருகிற அபாயம் கூடுதல். சிகரெட்டால் வருகிற வகைக்கும் இதற்கும் குணம் வேறு, இது கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் தசைக்குள் இறங்கியிருக்கும். இதில் ஸ்கேனுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஏற்கெனவே தடித்து, சுண்ணாம்பு படிந்து, கரடுமுரடாகக் கிடக்கிற சுவரில் புதிதாக ஒரு கட்டி முளைத்தால் அல்ட்ராசவுண்டில் கண்டுபிடிப்பது கஷ்டம், சி.டி.யில்கூடப் பழையது எது புதியது எது என்று தடுமாற்றம் வரும். முழுக்கக் கோடாக இருந்த சுண்ணாம்பு ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தால் அந்த இடத்தைச் சந்தேகத்தோடு பார்ப்போம், கட்டி அதைத் தின்றிருக்கலாம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: சிறுநீர்ப் பரிசோதனை, அல்ட்ராசவுண்டில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது (பழைய பில்ஹார்சியா குழாயைச் சுருக்கிச் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும்), அப்புறம் ஒரு தடவையாவது கேமரா. முன்பு எடுத்த எக்ஸ்ரே வீட்டில் எங்கேயாவது இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட உதவி வேறில்லை. பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஆற்றில் குளித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பிராசிக்வான்டல் மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் இந்தத் தழும்பு வரை போகாது.

கேள்வி: நண்டுக் கறி சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் எனக்கு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுக்கலாமா? (இசிபிங்கோ)

பதில்: நண்டு ஒவ்வாமை நண்டில் உள்ள புரதத்தால் வருவது, ஊசி மருந்தில் உள்ள அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய காலத்தில் மருத்துவர்களே அப்படி நினைத்தோம். முன்பு எப்போதாவது இந்த ஊசிக்கே ஒவ்வாமை வந்திருந்தால் அதுதான் முக்கியம், அதைச் சொல்லுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே ஊசி போடுவார்கள், அந்த அளவு 30-க்குக் கீழே இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தி, இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி கூடாது என்றாலும் வழி இருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் மருந்து ஏற்றாமலே நிறையப் பார்க்கலாம்.

கேள்வி: மகன் லண்டனிலிருந்து சொல்கிறான், மற்ற ஸ்கேன் எல்லாம் வேண்டாம், நேரே பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், காசு நான் அனுப்புகிறேன் என்று. அதுதான் எல்லாவற்றிலும் சிறந்ததா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: மகனுடைய அக்கறை புரிகிறது, காசை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பெட் ஸ்கேனில் கதிர் கலந்த சர்க்கரையை ஏற்றுவார்கள், புற்று செல்கள் அதை ஆவலாக எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ஆனால் அந்தச் சர்க்கரை வெளியேறுவது சிறுநீர் வழியாக. அதனால் எல்லாருக்கும், நோய் இல்லாதவர்களுக்கும்கூட, சிறுநீர்ப்பை விளக்கு மாதிரி ஒளிரும், உள்ளே இருக்கிற கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். பையில் கட்டி இருக்கிறதா என்று கேட்க அது சரியான ஸ்கேன் இல்லை.

தசைக்குள் போய்விட்டது என்று உறுதியான பிறகு, பெரிய அறுவைக்கு முன், வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அப்போது அது உதவும். நெறிகளை சி.டி. அளவை வைத்துத்தான் பார்க்கிறது, இடுப்பில் 8 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் சந்தேகம் என்று ஒரு கணக்கு. அளவு பெரிதாகாமலே உள்ளே புற்று இருக்கிற நெறியை சி.டி. தவறவிடும், பெட் சிலவற்றைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அதுவும் பிடிக்காது. உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், அன்று காலை ரத்தச் சர்க்கரை 11 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் படம் சரியாக வராது, பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டில்) இருந்து, இது பரவிய புற்று என்று சொல்லி சிகிச்சைக்குப் பணம் தர யோசிக்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி, உறுதியில்லை" என்று மட்டும்தான் இருக்கிறது. (லெனேசியா)

பதில்: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, குணப்படுத்தக்கூடிய புற்றுக்கு மெடிக்கல் எய்ட் கட்டாயம் பணம் தர வேண்டும். குணப்படுத்தக்கூடியது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற வரையறையில், பக்கத்து உறுப்புக்கோ தூரத்துக்கோ பரவவில்லை என்பது முக்கியமான நிபந்தனை. பரவியிருந்தாலும் அந்தச் சிகிச்சையால் ஐந்து வருடம் பிழைப்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் என்று காட்ட முடிந்தால் வழி இருக்கிறது. ஆக, உறுதியில்லாத 4 மில்லிமீட்டர் புள்ளியைப் பரவல் என்று எழுதிவிட்டால் உங்கள் சிகிச்சையே மாறிவிடும். நம் நாட்டில் பழைய டி.பி. தழும்பு நுரையீரலில் இல்லாதவர்கள் எத்தனை பேர்? பழைய மார்பு எக்ஸ்ரே, சி.டி. இருந்தால் ஸ்கேன் டாக்டரிடம் கொடுத்து, ஒப்பிட்டு ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்து எழுதக் கேளுங்கள். உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், அதில் நோய்க்குறியீடு சி67 என்றும், தசை ஊடுருவலின் நிலை என்ன என்றும், நுரையீரல் புள்ளி பரவல் என நிரூபிக்கப்படவில்லை என்றும் தெளிவாக இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் தென்னாப்பிரிக்கர் என்று எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் சொன்னார். உண்மையா? (மாணவி, மெரேபேங்க்)

பதில்: உண்மைதான் கண்ணு. ஆலன் கார்மாக், 1924-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1956-ல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேரமாக வேலை பார்த்தபோதுதான், உடம்புக்குள் கதிர் எவ்வளவு குறைகிறது என்பதைப் பல பக்கத்திலிருந்து அளந்தால் உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டே படமாக வரையலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது. 1963, 1964-ல் எழுதினார், அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியாக மெஷினையே கட்டி 1971-ல் முதல் நோயாளியைப் படம் எடுத்தார். 1979-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. கணக்கு வராது என்று எழுதியிருக்கிறாயே, கார்மாக் டாக்டருக்குப் படித்தவர் இல்லை, இயற்பியல்காரர், இந்த ஸ்கேன் பிறந்ததே கணக்கிலிருந்துதான். விடாமல் படி.

கேள்வி: எனக்கு டி1 என்று வந்து, இரண்டாவது தடவையும் சுரண்டி, பி.சி.ஜி. மருந்து (காசநோய்த் தடுப்பூசியில் உள்ளதே) பைக்குள் ஆறு வாரம் ஏற்றி முடித்தாயிற்று. மூன்று மாதத்தில் கேமராவுக்கு வரச் சொல்கிறார்கள். போன மாதம் எடுத்த சி.டி. சுத்தமாக இருக்கிறது. கேமரா வலிக்கிறது டாக்டரம்மா, அதற்குப் பதில் ஸ்கேனே எடுத்துக்கொண்டால் போதாதா? (ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: போதாது ஐயா. இந்தப் பக்கத்தில் முதல் கடிதத்துக்கு எழுதினேனே, பாசி மாதிரி தட்டையானது, சின்னதாக முளைப்பது, இவைதான் திரும்பி வருகிறபோது வருகிற வடிவம், சி.டி.க்கு இரண்டுமே தெரியாது. போதாததற்கு பி.சி.ஜி. ஏற்றிய பையில் சுவர் வீங்கித் தடித்திருக்கும், ஸ்கேனில் அது வேறு குழப்பும். சி.டி. உங்களுக்கும் வேண்டும்தான், மேலே குழாய்களைப் பார்ப்பதற்காக வருடத்துக்கு ஒரு தடவை போல எடுப்பார்கள், ஆனால் பையைப் பார்ப்பது கேமராதான்.

வலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை விட்டதும் உடனே தொடங்காமல் சில நிமிடம் பொறுத்துத் தொடங்கச் சொல்லுங்கள், வளைகிற மெல்லிய கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள், கருவி உள்ளே போகும்போது சிறுநீர் கழிப்பது போலத் தளர்த்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஒன்றிரண்டு நாள் எரியும், காய்ச்சலோ குளிரோ வந்தால் மட்டும் உடனே போக வேண்டும். மூன்று மாதம் என்று கொடுத்த தேதி மாரியம்மன் திருவிழாவோடு வருகிறது, தள்ளி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு வாரம் முன்னால் தரச் சொல்லிக் கேளுங்கள், பின்னால் வேண்டாம்.